வந்தவரின் முகவரி மறையக்கூடாது: மின்னஞ்சல் சேவையகத்தையும் குப்பை அஞ்சல் வடிகட்டியையும் சேர்த்து அமைக்க ஒரு முழுமையான வழிகாட்டி

சில ஆண்டுகளுக்கு முன் யாழ்ப்பாண நகரில் ஓர் அலுவலகத்துக்கு மின்னஞ்சல் சேவையகம் அமைத்துக் கொடுத்தேன். நன்றாகவே ஓடிக்கொண்டிருந்தது. பிறகு ஒரு வெள்ளிக்கிழமை மாலை அங்கே பழைய ரவுட்டரைக் கழற்றிவிட்டுப் புதியதைப் பூட்டினார்கள். சனிக்கிழமை காலை தொலைபேசி அடித்தது. "அண்ணை, கனடாவுக்கு அனுப்பிய கடிதங்கள் எல்லாம் திரும்பி வருகின்றன. என்ன நடந்தது என்றே விளங்கவில்லை" என்றான் அங்கு வேலை பார்க்கும் தம்பி. போய்ப் பார்த்தேன். யாரோ எவருக்கோ எழுதிய மருந்து விளம்பரங்களும் போலி வங்கிக் கடிதங்களும் அனுப்பும் வரிசையில் மலைபோல் குவிந்து கிடந்தன. குப்பை அஞ்சல் வடிகட்டி ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் அவற்றுள் ஒன்றைக்கூட அது மறிக்கவில்லை.

காரணம் மிகச் சிறியது. வெளியிலிருந்து வந்த ஒவ்வொரு இணைப்பின் முகவரியையும் அழித்து, அந்த இடத்தில் தன் சொந்த முகவரியான 192.168.10.1 என்பதை எழுதி உள்ளே அனுப்பியது புதிய ரவுட்டர். சேவையகத்தின் கண்ணுக்கு உலகமே வீட்டுக்குள் இருந்து வருவதாகத் தெரிந்தது. வீட்டாருக்கு எங்கு வேண்டுமானாலும் கடிதம் அனுப்ப அனுமதி உண்டு. வடிகட்டிக்கும் அப்படியே தெரிந்தது. வீட்டாரின் கடிதத்தை அது கடுமையாகச் சோதிப்பதில்லை.

படலையில் யாராவது தட்டினால் "யாரது?" என்று கேட்டுவிட்டுத்தான் எங்கள் ஊரில் திறப்போம். மின்னஞ்சல் சேவையகத்துக்கும் வடிகட்டிக்கும் அந்தக் கேள்விக்குக் கிடைக்கும் பதில் ஒன்றே ஒன்றுதான்: இணைப்பவரின் ஐ.பி. முகவரி, அதாவது இணையத்தில் அவர் எங்கிருந்து வருகிறார் என்பதைக் காட்டும் எண். அனுப்புநர் பெயரைப் பொய்யாக எழுதலாம், கடிதத்தின் தலைப்பைப் பொய்யாக எழுதலாம். இணைப்பின் முகவரியை மட்டும் எளிதில் பொய்யாக்க முடியாது. அந்த முகவரி வாசலில் இருந்து வடிகட்டி வரை மாறாமல் போய்ச் சேர வேண்டும்; 'எங்கள் ஆட்கள் யார்' என்பதில் சேவையகமும் வடிகட்டியும் ஒரே பட்டியலை வைத்திருக்க வேண்டும். கீழே சொல்லும் ஒவ்வொரு படியும் இந்த இரண்டுக்காகத்தான்.

இங்கே போஸ்ட்ஃபிக்ஸ் சேவையகத்தையும் ஆர்ஸ்பாம்டி வடிகட்டியையும் எடுத்துக்கொள்கிறேன். ஸ்பாம்அசாசின் என்ற வேறொரு வடிகட்டியை வைத்திருப்பவர்களுக்கும் தனியாகச் சொல்வேன். அமைப்புக் கோப்புகளில் கட்டளைச் சொற்கள் ஆங்கில எழுத்தில், இடைவெளி வரும் இடத்தில் கீழ்க்கோட்டுடன் இருக்கும். நான் அவற்றை ஒலிக்கும் விதத்தில் தமிழில் எழுதுகிறேன்.

முதலில் ஒரு தாள்

விசைப்பலகையைத் தொடுவதற்கு முன் ஒரு தாளில் முகவரிகளை எழுதுங்கள். நம் எடுத்துக்காட்டில் ரவுட்டரின் உள்முகவரி 192.168.10.1, சேவையகம் 192.168.10.5, வடிகட்டிக்கு வேறு கணினி இருந்தால் அது 192.168.10.6, வெளி உலகம் காணும் பொது முகவரி 203.0.113.25. கடைசியாகச் சொன்னது எடுத்துக்காட்டுகளுக்கென்றே ஒதுக்கப்பட்ட தொகுதியைச் சேர்ந்தது. அதை அப்படியே படியெடுத்தால் ஒன்றும் நடக்காது, உங்களுடையதை எழுதுங்கள்.

உங்களுடையது எது என்று உறுதி செய்வதுதான் முதல் வேலை. ரவுட்டரின் நிலைப் பக்கத்தில் வெளிப்புற முகவரியைப் பாருங்கள். அது 100.64 முதல் 100.127 வரை தொடங்குமானால், அந்த முகவரி உங்களுடையது அல்ல. பல வாடிக்கையாளர்களை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் இணைய நிறுவனம் அடுக்கி வைத்திருக்கிறது. அந்தத் தொகுதி 2012ஆம் ஆண்டு இதற்கென்றே ஒதுக்கப்பட்டது. அங்கே மின்னஞ்சல் சேவையகம் வைக்க முடியாது. முகவரி நாளுக்கு நாள் மாறுமானாலும் முடியாது. வீட்டு இணைப்புகளின் முகவரித் தொகுதிகள் கடிதம் ஏற்கத் தகாத முகவரிகளைத் தொகுத்து வைக்கும் தடைப் பட்டியல்களில் முன்கூட்டியே சேர்க்கப்பட்டிருப்பது வழக்கம். யாரும் குற்றம் செய்ததால் அல்ல, அங்கிருந்து நேரடியாகக் கடிதம் வரக்கூடாது என்பதால்.

ஆகவே இணைய நிறுவனத்திடம் மூன்றைக் கேட்டு எழுத்தில் வாங்குங்கள்: நிலையான முகவரி, 25ஆம் போர்ட் (சேவையகங்கள் தமக்குள் அஞ்சல் பரிமாறும் வாசல் எண்) இரு திசையிலும் திறந்திருத்தல், அந்த முகவரிக்கு நீங்கள் சொல்லும் பெயரில் மீள்பெயர்ப் பதிவு, அதாவது முகவரியைக் கேட்டால் பெயரைச் சொல்லும் பதிவு. மூன்றாவதைக் கேட்டால் பல இடங்களில் திகைப்பார்கள். விடாமல் கேளுங்கள். கிடைக்கவே கிடைக்காது என்றால் வெளிநாட்டுத் தரவு மையம் ஒன்றில் சிறிய மெய்நிகர்க் கணினியை வாடகைக்கு எடுத்து, சேவையகத்தை அங்கே வையுங்கள். அப்போது ரவுட்டர் பற்றிய அடுத்த பகுதியைத் தாண்டிப் போய்விடலாம்.

ரவுட்டர்: எல்லாக் குழப்பமும் பிறக்கும் இடம்

சேவையகத்துக்கு உள்முகவரியை நிரந்தரமாகக் கொடுங்கள். தானாக முகவரி வழங்கும் வரம்பு 192.168.10.100இல் தொடங்கட்டும், அதற்குக் கீழே உள்ளவை சேவையகத்துக்கும் அச்சுப்பொறிக்கும் வடிகட்டிக்கும். மின்சாரம் போய் வந்ததும் சேவையகத்தின் முகவரியை யாரோ ஒருவருடைய கைத்தொலைபேசி வாங்கிக்கொள்வதை இது தடுக்கும்.

பிறகு அஞ்சல் வாங்கவும் அனுப்பவும் படிக்கவும் பயன்படும் 25, 465, 587, 993 ஆகிய போர்ட்களை வெளியிலிருந்து 192.168.10.5க்குத் திருப்பிவிடுங்கள். திருப்பும்போது மாறவேண்டியது சேருமிட முகவரி மட்டும். புறப்பட்ட இடத்தின் முகவரி மாறக்கூடாது. இதை இரண்டு முறை படியுங்கள். நான் பார்த்த கோளாறுகளில் பெரும்பாலானவை இங்கேதான் பிறந்தன.

புறப்பட்ட முகவரியை ஏன் மாற்றுகிறார்கள்? அலுவலகத்துக்குள் இருக்கும் கணினி சேவையகத்தின் பொதுப் பெயரை அழைக்கும்போது, அழைப்பு ரவுட்டருக்குப் போய் மறுபடி உள்ளேயே திரும்ப வேண்டும். புறப்பட்ட முகவரியை மறைத்து ரவுட்டரின் முகவரியை எழுதும் 'முகமூடி' விதியை எல்லா இணைப்புக்கும் போட்டால் அது வேலை செய்துவிடுகிறது. பூட்டிய தொழில்நுட்பர் மகிழ்ச்சியோடு போய்விடுகிறார். மைக்ரோடிக் போன்ற ரவுட்டர்களில் முகமூடி விதியை எழுதும்போது எந்த வாசல் வழியே வெளியேறும் போக்குவரத்துக்கு என்று குறிக்காமல் விட்டாலும் இதே நிலைதான். விதியில் வெளி இணைய வாசலைக் குறிப்பிடுங்கள். உள்ளிருந்து பொதுப் பெயரை அழைப்பவர்களுக்கு, உள் பெயர்ச் சேவையகம் (பெயரைக் கேட்டால் முகவரியைச் சொல்லும் டி.என்.எஸ்.) அந்தப் பெயருக்கு 192.168.10.5 என்றே பதில் சொல்லட்டும். வெளியில் இருப்பவருக்கு ஒரு பதில், உள்ளே இருப்பவருக்கு ஒரு பதில். அதுவே துப்புரவான வழி.

சேவையகத்தை டொக்கர் பெட்டிக்குள், அதாவது மென்பொருளைத் தனியே அடைத்து ஓட்டும் சூழலுக்குள், ஓட்டுபவர்களுக்கும் இதே ஆபத்து உண்டு. பெட்டிக்கு ஐ.பி. ஆறாம் பதிப்பு (புதிய, நீண்ட வடிவ) முகவரி இல்லாமல், அதைத் தாங்கும் கணினிக்கு மட்டும் இருந்தால், அந்தப் பதிப்பில் வருபவர்கள் எல்லாரும் பெரும்பாலும் 172.17.0.1 என்ற ஒரே முகவரியில் வந்ததாகப் பெட்டிக்குத் தெரியும்.

முகவரி மறைந்தால் இன்னொன்றும் நடக்கும். கடவுச்சொல்லைத் திரும்பத் திரும்பத் தவறாகப் போடுபவர்களைத் தடைசெய்யும் ஃபெயில்2பான் போன்ற மென்பொருள், குற்றவாளி ரவுட்டர்தான் என்று முடிவு செய்து 192.168.10.1ஐத் தடுத்துவிடும். அந்தக் கணமே வெளியுலகில் இருந்து ஒரு கடிதமும் வராது.

ரவுட்டரை விட்டு நகருமுன் ஒரு வேலை மீதியிருக்கிறது. 25ஆம் போர்ட்டில் வெளியே போகும் உரிமை 192.168.10.5க்கு மட்டும் என்று ரவுட்டரின் தீச்சுவரில் (போக்குவரத்தை அனுமதிக்கும், மறிக்கும் பகுதியில்) விதி எழுதுங்கள். அலுவலகத்தில் ஒரு மடிக்கணினியில் வைரஸ் புகுந்தால், அது சேவையகத்தைக் கேட்காமல் நேராக உலகத்துக்குக் குப்பை அனுப்பத் தொடங்கும். வெளியே தெரிவது அதே 203.0.113.25தான். தடைப் பட்டியலில் ஏறுவது உங்கள் பெயர்.

சேவையகத்தின் சொந்த முகவரி

போஸ்ட்ஃபிக்ஸின் 'மெயின்' கோப்பில் 'இனெட் இன்டர்ஃபேசஸ்' என்ற வரி, எந்த முகவரிகளில் காது கொடுக்க வேண்டும் என்பதைச் சொல்கிறது. கணினிக்கு ஒரே முகவரி என்றால் 'ஆல்' என்று விட்டுவிடலாம். பல முகவரிகள் இருந்தால் தேவையானதையும், கணினி தன்னோடு தானே பேசும் முகவரியான 127.0.0.1ஐயும் மட்டும் எழுதுங்கள். இந்த வரியை மாற்றியபின் 'ரீலோட்' போதாது. போஸ்ட்ஃபிக்ஸை நிறுத்தித் தொடங்க வேண்டும். மாற்றினேன், ஒன்றும் நடக்கவில்லை என்று பலர் தலையில் கை வைப்பது இதனால்தான்.

'ப்ராக்சி இன்டர்ஃபேசஸ்' வரியில் பொது முகவரியான 203.0.113.25ஐ எழுதுங்கள். ரவுட்டருக்குப் பின்னால் இருக்கும் சேவையகத்துக்குத் தன் பொது முகவரி தானாகத் தெரியாது. வேறொரு களத்துக்கு (டொமைனுக்கு) மாற்றுச் சேவையகமாக நிற்கும்போது, தன்னையே இன்னொருவர் என்று எண்ணிக் கடிதத்தைத் தனக்கே திருப்பி அனுப்பிச் சுற்றிக்கொண்டிருக்கும்.

வெளியே போகும் கடிதம் எந்த முகவரியிலிருந்து கிளம்ப வேண்டும் என்பதை 'எஸ்.எம்.டி.பி. பைண்ட் அட்ரஸ்' தீர்மானிக்கிறது. ஒரே முகவரி என்றால் இது தேவையே இல்லை. பல இருந்தால் தேவை, ஆனால் வடிகட்டியோடு சேரும்போது ஒரு பொறி உண்டு. 'மெயின்' கோப்பில் இதை எழுதினால், 127.0.0.1இல் காத்திருக்கும் வடிகட்டிக்குக் கடிதம் கொடுக்கப் போகும்போதும் போஸ்ட்ஃபிக்ஸ் அந்தக் குறித்த முகவரியில் இருந்தே கிளம்பும். அமாவிஸ் போன்ற வடிகட்டி இயல்பாக 127.0.0.1 போன்ற தன் கணினி முகவரிக்கு மட்டுமே கதவு திறக்கும். நம் சேவையகத்தையே அந்நியர் என்று திருப்பி அனுப்பிவிடும். அனுப்பும் வரிசை நிரம்பும். ஆகவே 'மாஸ்டர்' கோப்பில், வெளியே கடிதம் கொண்டுபோகும் அந்த ஒரு சேவைக்கு மட்டும் இதை எழுதுங்கள்.

ஐ.பி. ஆறாம் பதிப்பைப் பற்றி என் கருத்து உறுதியானது. அந்த முகவரிக்கும் மீள்பெயர்ப் பதிவு வாங்கித் தரும்வரை 'இனெட் ப்ரோட்டோகால்ஸ்' வரியில் நான்காம் பதிப்பை மட்டும் வையுங்கள். இணைப்பில் ஆறாம் பதிப்பு இருந்தால் சேவையகம் அதன் வழியே அனுப்பக்கூடும். மீள்பெயர் இல்லாத முகவரியிலிருந்து வரும் கடிதத்தை ஜிமெயில் ஏற்காது. நான்காம் பதிப்பில் எல்லாம் சரியாக வைத்துவிட்டு, கடிதம் ஏன் திரும்புகிறது என்று நாள்கணக்கில் தேடியவர்களை அறிவேன்.

பெயரும் முகவரியும் ஒன்றையொன்று காட்டட்டும்

பெயரிலிருந்து முகவரிக்கும் முகவரியிலிருந்து பெயருக்கும் போகும் இரண்டு வழிகளும் ஒரே இடத்தில் முடிய வேண்டும். சேவையகத்தின் பெயரைக் கேட்டால் 203.0.113.25, 203.0.113.25ஐக் கேட்டால் அதே பெயர். போஸ்ட்ஃபிக்ஸின் 'மைஹோஸ்ட்நேம்' வரியிலும் அதே பெயர், ஏனென்றால் வணக்கம் சொல்லும்போது அது அந்தப் பெயரைத்தான் சொல்கிறது. களத்தின் கடிதங்களை வாங்கும் சேவையகம் எது என்று சொல்லும் எம்.எக்ஸ். பதிவு பெயரைச் சுட்ட வேண்டும், முகவரி எண்ணை அல்ல. உங்கள் களத்தின் பெயரில் அனுப்ப எந்த முகவரிகளுக்கு உரிமை என்று அறிவிக்கும் எஸ்.பி.எஃப். வரியில் பொது முகவரியை நேரடியாக எழுதிவிடுங்கள். அதில் பெயர்த் தேடல்களுக்கு 10 என்ற வரம்பு உண்டு, நேரடி எண்ணுக்குத் தேடலே தேவையில்லை. 2024 பெப்ரவரி முதல், தனக்கு அனுப்பும் எல்லாரிடமும் எஸ்.பி.எஃப். அல்லது டி.கிம். (கடிதத்தில் இடும் மின்கையொப்பம்) இரண்டில் ஒன்றையும் சரியான மீள்பெயரையும் ஜிமெயில் எதிர்பார்க்கிறது. வெளிநாட்டு உறவுகளோடு பேசும் ஊருக்கு இது சிறிய விடயம் அல்ல.

'.இலங்கை' என்று முடியும் தமிழ்க் களப்பெயர் வைத்திருப்பவர்கள் அதை மகிழ்ச்சியோடு பயன்படுத்துங்கள். சேவையகம் தன்னை அறிமுகம் செய்யும் பெயருக்கு மட்டும் ஆங்கில எழுத்துப் பெயரை வைத்துக்கொள்ளுங்கள். எதிர்முனையில் உள்ள எல்லாச் சேவையகங்களும் இன்னும் தமிழ்ப் பெயருக்குத் தயாராகவில்லை.

யார் வீட்டார்?

இப்போது 'மைநெட்வொர்க்ஸ்' வரி. இதில் உள்ள முகவரிகளுக்குக் கடவுச்சொல் கேட்காமல் உலகின் எந்த மூலைக்கும் கடிதம் அனுப்ப அனுமதி கிடைக்கிறது. போஸ்ட்ஃபிக்ஸ் 3.0 பதிப்புக்கு முன், நீங்கள் ஒன்றும் எழுதாவிட்டால், சேவையகம் இருக்கும் வலையமைப்பு முழுவதையும் அது வீட்டாராக எடுத்துக்கொண்டது. பழைய கையேடுகளும் 192.168.10.0/24 என்று எழுதச் சொல்கின்றன. எழுதாதீர்கள். அது 192.168.10.0 முதல் 192.168.10.255 வரை 256 முகவரிகள். அதற்குள் ரவுட்டர் இருக்கிறது, கூட்டத்துக்கு வந்தவரின் கைத்தொலைபேசி இருக்கிறது, கோடை விடுமுறையில் லண்டனிலிருந்து வந்து வைஃபை கேட்கும் மருமகனின் மடிக்கணினி இருக்கிறது.

என் பட்டியலில் 127.0.0.0/8ம் அதற்கு இணையான ஆறாம் பதிப்பு உள்முகவரியும் மட்டுமே இருக்கும். வருடிய ஆவணங்களை அஞ்சலில் அனுப்பும் பழைய அச்சுப்பொறிக்குக் கடவுச்சொல் போடத் தெரியாது என்றால், அந்த ஒன்றுக்கு மட்டும் 192.168.10.20/32 என்று சேர்ப்பேன். மற்ற எல்லாரும், மேலாளர் உட்பட, 587 அல்லது 465 வழியே கடவுச்சொல்லோடு வரட்டும். இப்படி வைத்திருந்தால் நாளை யாராவது ரவுட்டரைத் தவறாக அமைத்தாலும் சேவையகம் ஊருக்குப் பொதுச் சொத்தாகிவிடாது. 192.168.10.1ஐ ஒருபோதும் சேர்க்காதீர்கள்.

பெறுநர் விதிகளின் வரிசையையும் பாருங்கள்: முதலில் வீட்டார், அடுத்துக் கடவுச்சொல் தந்தவர்கள், உடனே, மற்றவர்கள் வெளிக்களங்களுக்குக் கொடுக்கும் கடிதத்தை மறுக்கும் 'ரிஜெக்ட் அன்ஆத் டெஸ்டினேஷன்'. தடைப் பட்டியல் சோதனைகள் அதற்குப் பிறகு.

வடிகட்டிக்கும் அதே உண்மை

ஆர்ஸ்பாம்டியை 'மில்டர்' முறையில் இணைக்கவே நான் பரிந்துரைக்கிறேன். இதில் போஸ்ட்ஃபிக்ஸ் கடிதத்தை இன்னொரு சேவையகத்துக்கு ஒப்படைப்பதில்லை, வாசலில் ஆள் நிற்கும்போதே வடிகட்டியைக் கூப்பிட்டு, "இந்த முகவரியிலிருந்து இவர் வந்திருக்கிறார், என்ன செய்யட்டும்?" என்று கேட்கிறது. வந்தவரின் முகவரி அப்படியே வடிகட்டிக்குப் போகிறது. வேண்டாம் என்றால் வாசலிலேயே மறுத்துவிடலாம். போலி அனுப்புநருக்குத் திருப்பிக் கடிதம் எழுதி அப்பாவி ஒருவரைத் தொந்தரவு செய்ய நேராது.

ஆர்ஸ்பாம்டியின் 'ப்ராக்சி வேர்க்கர்' 11332ஆம் போர்ட்டில் காத்திருக்கும். ஒரே கணினி என்றால் அதை 127.0.0.1இல் மட்டும் கட்டுங்கள், போஸ்ட்ஃபிக்ஸின் 'எஸ்.எம்.டி.பி.டி. மில்டர்ஸ்' வரியில் 127.0.0.1:11332 என்று காட்டுங்கள். தனிக் கணினி என்றால் 192.168.10.6இல் கட்டி, அந்தப் போர்ட்டுக்கு 192.168.10.5 மட்டுமே வரலாம் என்று தீச்சுவரில் எழுதுங்கள். 11334இல் இருப்பது மேலாண்மைப் பக்கம். அதை ரவுட்டர் வழியே வெளியே திறக்கவே வேண்டாம்.

'மில்டர் டிஃபால்ட் ஆக்‌ஷன்' என்ற வரி, வடிகட்டி பதில் சொல்லாவிட்டால் என்ன செய்வது என்பதைத் தீர்மானிக்கிறது. இதை 'அக்செப்ட்' என்று மாற்றச் சொல்லும் குறிப்புகள் ஏராளம். நான் உடன்படவில்லை. இயல்பான 'டெம்ப்ஃபெயில்' (இப்போது முடியாது, பிறகு வாருங்கள்) நிலையிலேயே விடுங்கள். அனுப்பும் சேவையகம் கடிதத்தைத் தன்னிடமே வைத்துக்கொண்டு மீண்டும் மீண்டும் முயலும். நான்கைந்து நாளுக்குக் கைவிடக்கூடாது என்பதே அஞ்சல் பரிமாற்ற விதிமுறையான எஸ்.எம்.டி.பி.யின் மரபு. 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு இருந்தபோதுகூட இந்த மரபுதான் நம் கடிதங்களைக் காப்பாற்றியது. மின்சாரம் வந்ததும் போஸ்ட்ஃபிக்ஸ் முதலில் எழும்பி, வடிகட்டி எழும்பச் சற்றுத் தாமதமாகலாம். 'அக்செப்ட்' என்று வைத்திருந்தால் அந்த இடைவெளியில் காத்திருந்த குப்பை முழுவதும் உள்ளே கொட்டிவிடும்.

இனி முக்கியமானது: ஆர்ஸ்பாம்டியின் 'லோக்கல் அட்ரஸ்' பட்டியல். இயல்பில் 192.168.0.0/16, 10.0.0.0/8, 172.16.0.0/12 ஆகிய தனியார் வரம்புகள் அனைத்தும் அதில் உண்டு. இந்தப் பட்டியலில் உள்ளவரிடமிருந்து வரும் கடிதத்துக்கு எஸ்.பி.எஃப்., டி.மார்க். (அனுப்புநர் களம் அறிவித்த விதியைப் பார்ப்பது), தடைப் பட்டியல் போன்ற சோதனைகளை அது செய்வதில்லை. போஸ்ட்ஃபிக்ஸில் எவ்வளவு கண்டிப்பாக இருந்தாலும் இங்கே கதவு அகலத் திறந்திருக்கும். 'மைநெட்வொர்க்ஸ்' வரியில் எதை எழுதினீர்களோ அதையே இங்கும் எழுதுங்கள். எழுதியபின் 'ஆர்ஸ்பாம்அட்ம் கான்ஃபிக்டம்ப்' கட்டளையை ஓட்டி, உண்மையில் நடைமுறையில் இருக்கும் பட்டியல் எது என்று கண்ணால் பாருங்கள். இயல்பான மதிப்போடு நீங்கள் எழுதியதும் ஒட்டிக்கொண்டு நிற்கலாம்.

ஸ்பாம்அசாசின் வேறு விதமாக வேலை செய்கிறது. கடிதத்தின் தலையில் ஒவ்வொரு சேவையகமும் இட்ட 'பெற்றுக்கொண்டேன்' வரிகளை மேலிருந்து கீழாகப் படித்து, எந்த இடத்தில் நம் வீடு முடிந்து வெளியுலகம் தொடங்குகிறது என்று கணிக்கிறது. 'ட்ரஸ்டட் நெட்வொர்க்ஸ்' என்பது பொய்த் தலைப்பு எழுதமாட்டார்கள் என்று நீங்கள் நம்பும் சேவையகங்கள். கூட்டாளி நிறுவனத்தின் சேவையகத்தையும் இதில் சேர்க்கலாம். 'இன்டர்னல் நெட்வொர்க்ஸ்' என்பது உங்கள் களத்துக்காகக் கடிதம் வாங்கும் உங்கள் சொந்தச் சேவையகங்கள் மட்டும். இரண்டாவது பட்டியலில் உள்ளவை அனைத்தும் முதலாவதிலும் இருக்க வேண்டும்.

இரண்டையும் எழுதாவிட்டால் அது தானே ஊகிக்கிறது. ரவுட்டருக்குப் பின்னால், 192.168 என்று தொடங்கும் முகவரியில் உட்கார்ந்திருக்கும் சேவையகத்தில் அந்த ஊகம் பிழைக்கும். வெளியே இருந்து வந்த முதல் ஆளையும் நம் வீட்டாராக எண்ணிவிடும். அடையாளம் எளிது: அந்நியர் அனுப்பிய குப்பைக் கடிதத்தின் மதிப்பெண் விவரத்தில் 'ஆல் ட்ரஸ்டட்' என்ற விதி பதிந்திருக்கும். அதைக் கண்டால் மதிப்பெண்ணை மாற்றித் திருத்தப் பார்க்காதீர்கள். 192.168.10.5ஐ இரு பட்டியலிலும் கையால் எழுதுங்கள்.

நம் ஊருக்கே உரிய ஒரு சொல்: நாடு பார்த்து மதிப்பெண் போடும் விதிகளை எழுதாதீர்கள். கனடா, பிரித்தானியா, பிரான்ஸ், சுவிற்சர்லாந்து, நோர்வே ஆகிய நாடுகளின் முகவரிகளில் இருந்து வருவது இங்கே அந்நியர் கடிதம் அல்ல. பழைய மாணவர் சங்கத்தின் பணவிவரமும், திருமண அழைப்பும், அக்கா எழுதும் கடிதமும் அங்கிருந்துதான் வருகின்றன. ஸ்பாம்அசாசினில் மொழி பார்க்கும் விதியை இயக்கியிருந்தால் ஏற்கும் மொழிகளில் தமிழும் இருக்கிறதா என்று பாருங்கள்.

பெயர் தேடும் வழி

தடைப் பட்டியலைக் கேட்கும் முறை எளிமையானது. 203.0.113.25 என்பதைத் திருப்பி 25.113.0.203 என்று எழுதி, அதன் பின்னால் பட்டியலின் களப்பெயரை ஒட்டி டி.என்.எஸ்.இல் தேடுகிறார்கள். பதில் வந்தால் பட்டியலில் இருக்கிறது, இல்லையென்றால் இல்லை.

இந்தத் தேடல் யார் வழியே போகிறது என்பதில்தான் சிக்கல். 8.8.8.8 போன்ற பொதுப் பெயர்ச் சேவையகம் வழியே கேட்டால், தடைப் பட்டியல்களை நடத்தும் ஸ்பாம்ஹவுஸ் பதில் தர மறுத்து 127.255.255.254 என்ற எண்ணை அனுப்பும். போஸ்ட்ஃபிக்ஸில் பட்டியல் பெயரை மட்டும் எழுதி, எந்தப் பதில் எண்களை ஏற்பது என்று குறிக்காமல் விட்டிருந்தால், அந்த மறுப்பையே 'பட்டியலில் இருக்கிறார்' என்று எடுத்துக்கொண்டு வரும் எல்லாக் கடிதத்தையும் திருப்பிவிடும். பட்டியலின் பெயரோடு 127.0.0.2 முதல் 127.0.0.11 வரை என்று பதில் வரம்பையும் எழுதுங்கள்.

அதைவிட முக்கியம், சேவையகத்திலேயே அன்பவுண்ட் என்ற பெயர்ச் சேவையக மென்பொருளை நிறுவி, எவரிடமும் கேள்வியைத் தள்ளிவிடாமல் தானே தேடும்படி வைப்பது. கணினியின் பெயர்ச் சேவையக முகவரி 127.0.0.1 ஆகட்டும். பிறகு 127.0.0.2ஐப் பட்டியலில் தேடிப் பாருங்கள். சோதனைக்கென்றே அது எப்போதும் பட்டியலில் இருக்கும். 127.0.0.1 ஒருபோதும் இருக்காது. முதலாவதற்குப் பதிலும் இரண்டாவதற்கு இல்லை என்பதும் வந்தால் வழி திறந்திருக்கிறது.

வடிகட்டி வேறு விதமாக நிற்கும் இடங்கள்

அமாவிஸ் முறையில் போஸ்ட்ஃபிக்ஸ் கடிதத்தை 10024ஆம் போர்ட்டில் கொடுத்து, சோதித்ததை 10025இல் திரும்ப வாங்குகிறது. 10025இல் வடிகட்டல் கிடையாது, அங்கே வருவது ஏற்கெனவே சோதிக்கப்பட்டது என்ற நம்பிக்கை. அதை 127.0.0.1இல் மட்டும் கட்டுங்கள். எல்லா முகவரியிலும் திறந்திருந்தால், முன்வாசலில் காவல் வைத்துவிட்டுப் பின்வேலியில் பொட்டு, அதாவது ஆள் நுழையும் ஓட்டை, விட்டது போலாகும்.

வடிகட்டிக் கணினி முன்னால் நின்று கடிதத்தை வாங்கிச் சேவையகத்துக்குக் கொடுக்கும் அமைப்பில், சேவையகம் காண்பது எப்போதும் 192.168.10.6 மட்டுமே. அங்கே முகவரி பார்க்கும் சோதனைகள் எல்லாவற்றையும் முன் கணினியிலேயே முடியுங்கள். பின்னால் உள்ள சேவையகத்தில் எஸ்.பி.எஃப். சோதனையை நிறுத்திவிடுங்கள், இல்லாவிட்டால் நல்ல கடிதமும் தவறியதாகக் காட்டும். இருக்கும் பெறுநர்களின் பட்டியலையும் முன் கணினிக்குக் கொடுங்கள்.

வெளியே போய்த் தட்டிப் பாருங்கள்

உள்ளிருந்து செய்யும் சோதனை சோதனையே அல்ல. வெளியூர்க் கணினி ஒன்றிலிருந்து 25ஆம் போர்ட்டில் இணைந்து பாருங்கள். கைத்தொலைபேசி இணைப்பில் அந்தப் போர்ட் அடைத்திருக்கலாம், அதனால் வாடகைக் கணினி நல்லது. இணைந்ததும் அஞ்சல் பதிவேட்டைத் திறந்து 'கனெக்ட் ஃப்ரம்' என்ற வரியைப் படியுங்கள். அங்கே அந்த வெளியூர்க் கணினியின் முகவரி இருக்க வேண்டும். 192.168.10.1 இருந்தால் மற்ற எல்லாவற்றையும் விட்டுவிட்டு ரவுட்டருக்குத் திரும்புங்கள்.

அடுத்து, உங்களுக்குச் சம்பந்தமில்லாத ஒரு களத்தின் பெறுநருக்குக் கடிதம் கொடுக்க முயலுங்கள். 554 என்ற எண்ணோடு மறுப்பு வர வேண்டும். பிறகு ஜிடியூப் எனப்படும் சோதனை வரியைக் கடிதத்தில் இட்டு அனுப்புங்கள்; ஸ்பாம்அசாசின் அதற்கு 1000 மதிப்பெண் போடும், ஆர்ஸ்பாம்டி மறுக்கும். ஆனால் ஜிடியூப் பிடிபட்டதால் எல்லாம் சரி என்று எண்ணிவிடாதீர்கள். அது கடிதத்தின் உள்ளே உள்ள எழுத்தைப் பார்க்கிறது, முகவரியை அல்ல. நான் தொடக்கத்தில் சொன்ன அலுவலகத்தில்கூட ஜிடியூப் பிடிபட்டிருக்கும். ஆர்ஸ்பாம்டியின் வரலாற்றுப் பக்கத்தில் கடிதத்துக்கு எஸ்.பி.எஃப். சோதனை நடந்ததா, எந்த முகவரி பதிந்தது என்று பார்ப்பதே முழுமையான சோதனை.

ஏற்கெனவே விபத்து நடந்துவிட்டது என்றால், முதலில் வரிசையில் உள்ள எல்லாவற்றையும் 'போஸ்ட்சூப்பர்' கட்டளையால் நிறுத்திவையுங்கள், அழிக்காதீர்கள். அவற்றுள் அலுவலகத்தின் உண்மையான கடிதங்களும் கிடக்கும். காரணத்தைத் திருத்தி, குப்பையை மட்டும் நீக்கி, வெளியிலிருந்து சோதித்த பிறகே தடைப் பட்டியலில் இருந்து நீக்கும்படி கேளுங்கள்.

முகவரி மாறும் நாள்

இணைய நிறுவனத்தை மாற்றினால் பொது முகவரியும் மாறும். இரண்டு நாள் முன்னதாகவே பெயர்ப் பதிவின் ஆயுளை 300 விநாடியாகக் குறையுங்கள். புதிய முகவரியின் மீள்பெயரை முன்பே வாங்குங்கள், அந்த முகவரி முந்தைய ஆளின் செயலால் தடைப் பட்டியலில் ஏறியிருக்கிறதா என்றும் பாருங்கள். எஸ்.பி.எஃப். வரியில் பழையதையும் புதியதையும் சேர்த்து எழுதுங்கள். 'ப்ராக்சி இன்டர்ஃபேசஸ்' வரியை மாற்றி, போஸ்ட்ஃபிக்ஸை நிறுத்தித் தொடங்குங்கள். புதிய ரவுட்டர் வந்திருந்தால் வெளியிலிருந்து தட்டிப் பார்க்கும் சோதனையை முழுவதுமாக மறுபடி செய்யுங்கள். அந்தச் சனிக்கிழமைக்கு முதல் நாள் மாலை யாராவது இதைச் செய்திருந்தால் போதுமாயிருந்தது.

ஒரு வாரம் கழித்துப் பழைய முகவரியை எஸ்.பி.எஃப். வரியிலிருந்து நீக்குங்கள். அதை நீக்க மறந்தால், நாளை அந்த முகவரி எவர் கைக்குப் போகிறதோ அவர் உங்கள் பெயரில் கடிதம் எழுத நீங்களே கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறீர்கள்.